பேரல் மேல் வைத்த சந்தனம்

அன்புள்ள சாமிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதலில் அதற்கு என்னை மன்னித்துக்கொள். நீ இப்போது பின்பக்கத்து டீசல் கொட்டாயில்தான் இருக்கிறாய். பேரலின் குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. எழுந்து வந்து கொட்டாய் வாசலில் நின்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம்தான். ஆனால் நேரில் வந்தால் "காப்பி வைக்கட்டுமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பேச்சு எப்போதும் ஆள் எழுந்து போன பிறகுதான் வரும். காகிதம் அப்படி எழுந்து போவதில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள். விமானத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று பெட்டிக்குள் வைத்துவிடாதே. ஆயுத பூசைக்கு முன்பே படித்துவிடு.

பூசை முடிந்த மறுநாள் நீ கிளம்புகிறாய். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு ஆப்பிரிக்காவுக்குப் போய், ஆழ்துளைக் கிணறு போடுகிற முகாமில் டீசல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். நம் ஊரில் ரிக்கோடு வெளிநாடு போன பையன்கள் நிறைய. ஆனால் கிடங்கு முழுவதையும் நம்பிக் கொடுத்து அழைத்துப் போவது உன்னைத்தான். அதை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று பால் ஊற்றப் போகிற இடத்தில்கூட ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கிறேன். ஆனால் உன் வேலை உறுதியான அன்றைக்கே உன் அப்பா இன்னொன்றையும் உறுதி செய்துவிட்டார். "பையன் போனதுக்கப்பறம் வண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எண்ணெயைப் பாக்க ஆளில்லாத ஊட்ல டிராக்டர் எதுக்கு? இந்த வருசப் பூசையப் போட்டுட்டு, கையோட குடுத்தரலாம்" என்றார். பரமத்திப் பக்கமிருந்து ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டும் போனார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். நான் கதவோரம் நின்றேன். எனக்கு அந்த டிராக்டர் இந்தத் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது, சாமி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கேட்கும் தைரியம் வருவதற்குக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

நான் உன்னைப் பெற்றவள் இல்லை. உன் அம்மா போன பிறகு, நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, வாழப்பாடிப் பக்கமிருந்து இந்த மோகனூர்க் கரைக்கு வந்தவள். உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம்கூட அதிகமில்லை. உன் கல்லூரி விழாவில் என்னை உன் அக்கா என்று நினைத்துத்தான் பேசினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நீ என்னைச் சின்னம்மா என்றே கூப்பிடுகிறாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது எனக்கென்றே இருக்கிற சொல். என் அப்பா ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு மாவு காயப்போடும் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்தேன். பட்டம் வாங்கிய வருடமே திருமணம். வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே இங்கே எல்லாரும் சிரிப்பார்கள். நான் "வீடு" என்பேன், இவர்கள் "ஊடு" என்பார்கள். நம் டிரைவர் சுப்பு அண்ணன் ஒருநாள், "அம்மணி பேசறது ரேடியோவுல நியூஸ் படிக்கற மாதிரி இருக்குதுங்க. முடிஞ்சதும் வணக்கம் சொல்லுவாங்களோன்னு நிக்கறனுங்க" என்றார். கேலிதான், மனம் நோகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். பேச்சு குறைந்தால் பார்வை கூடிவிடும். இந்த வீட்டில் எது எங்கே எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது டீசல் பேரல் மோட்டார் ரூமுக்கு வெளியே, சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில், வெட்டவெளியில் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கும். பங்க் இங்கிருந்து தொலைவு. மழை பெய்து மண்ணில் ஈரம் இருக்கிற நாலு நாளில் ஊரே ஏர் ஓட்ட வரிசையில் நிற்கும்போது, டிராக்டரை ஒவ்வொரு முறையும் பங்க்குக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் ஒரு பேரல் நிரப்பி வைப்பது அப்பாவின் வழக்கம். அந்தப் பேரல் மேல் அவருக்கு இருந்த மரியாதையை நீயும் பார்த்திருக்கிறாய். "வண்டிக்குச் சோறு போடற பாத்திரமுடா அது" என்பார். ஆயுத பூசை அன்று டிராக்டரைக் கழுவுகிற அதே மோட்டார்த் தண்ணீரைப் பேரல் மேலும் பீய்ச்சிக் கழுவுவார். உச்சியில், மூடி இருக்கிற வட்டத்தில், சந்தனத்தைக் குழைத்துக் கெட்டியாக அப்பி, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரத்தை வளைத்து வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அந்த வட்டத்துக்குள் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். அதில் பூ மிதக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். என் முதல் பூசையில் கற்பூரத் தட்டை அதன் மேலேயே வைத்தார். "என்னங்க, கற்பூரம்" என்றேன். "டீசலு அப்படியெல்லாம் பத்தாது புள்ள" என்று சொல்லிவிட்டு மணியை ஆட்டினார். பக்கத்தில் தட்டுப் போர் இருக்கிறதே என்று சொல்ல நினைத்தேன். மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது என்று விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து ஐப்பசி மழை இறங்கும். எல்லாரும் அப்பாவைத் தேடி வருவார்கள். சரியாக அந்த நேரத்தில் டிராக்டர் உழுதுகொண்டிருக்கிற நடுக்காட்டில் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோகும். ஒரு வருடம் மட்டுமல்ல, வருடாவருடம். மோகனூரிலிருந்து மெக்கானிக் வருவார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எண்ணெயில தண்ணி வந்திருக்குதுங்க. பங்க்ல கலந்துட்டானுக" என்பார். அப்பா அடுத்த வருடம் வேறு பங்க்குக்குப் போவார். அங்கே வாங்கினாலும் இதே கதைதான். கடைசியில் கண்பட்டுவிட்டது என்று முடிவாகும். "ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு, கண்ணு படாம என்ன பண்ணும்?" என்பார். அதற்குப் பரிகாரமாக அடுத்த வருடம் இன்னும் பெரிய பூசணிக்காய், இன்னும் கெட்டியான சந்தனம், இன்னும் அதிகத் தண்ணீர். ஈரம் காய்வதற்குள் ஓட்டித் தரச் சொல்லி வாசலில் நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். வேர்வை இல்லாதபோதும் துடைத்துக்கொள்வார்.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருடம் நடந்ததை நான் மறக்க மாட்டேன். வண்டி தெற்கால காட்டில் நின்றுபோயிருந்தது. மெக்கானிக் வழக்கம்போல் பங்க்கைத் திட்டினார். அப்பா கண்ணு பட்டதைச் சொன்னார். சுப்பு அண்ணன் இரண்டுக்கும் தலையாட்டினார். நான் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். தம்ளரை நீட்டியபோது, "பங்க்ல கலந்திருந்தா எல்லா மாசமும் நிக்கணுமே, பூசைக்கப்புறம் மட்டும் ஏன் நிக்குது" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. யாரிடமும் சொன்னதல்ல அது, தம்ளரிடம் சொன்னது மாதிரி. யாரும் காதில் வாங்கவில்லை. நான் உள்ளே வந்துவிட்டேன். நீ பின்னாலேயே வந்தாய். "சின்னம்மா, இப்ப என்ன சொன்னீங்க?" என்றாய். ஒன்றுமில்லை என்றேன். "இல்லீங்க, சொன்னீங்க. இன்னொருக்கா சொல்லுங்க" என்று அடுப்புத் திண்டில் சாய்ந்துகொண்டு நின்றாய். இந்த வீட்டில் என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்ன முதல் ஆள் நீதான், சாமி. உன்னைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையெல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உனக்குச் சொன்னேன். கல்லூரி ஆய்வகத்தில் பிரிபுனல் என்று ஒரு கண்ணாடிச் சாடி இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்ததை அதில் ஊற்றி அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும் என்றேன். நீ அடுத்த நிமிடம் பழைய ரோஸ்மில்க் பாட்டிலைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாய். கைப்பம்பின் குழாயைப் பேரலின் அடிவரை இறக்கி, அடியில் கிடப்பதை ஏற்றிப் பாட்டிலில் பிடித்தாய். ஜன்னலில் வைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கலங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்தது. மேலே டீசல், கீழே தண்ணீர், அதற்கும் கீழே வெளிர்மஞ்சளாக ஒரு மெல்லிய படிவு. நீ பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "சின்னம்மா, இது சந்தனமுங்க" என்றாய். பங்க்கில் யாரும் சந்தனம் கலக்க மாட்டார்கள். நாம் இருவரும் போய்ப் பேரலின் மூடியைத் திருகிப் பார்த்தோம். ரப்பர் வாசர் வெடித்துப் பொரிப்பொரியாக இருந்தது. பகலில் வெயிலில் பேரல் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. சாயங்காலம் குளிர்ந்ததும் காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே குளம் மாதிரி தண்ணீர் நின்றால் காற்றோடு அதையும் உறிஞ்சும். நான் பாடத்தில் படித்ததைச் சொன்னேன். அதை நீ, "அப்ப பேரல் மூச்சு உடுதுங்களா?" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்தாய்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உன் வயதில் வேறு எந்தப் பையனாக இருந்தாலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பான். வாசலில் மெக்கானிக் இருந்தார், வயலுக்காரர்கள் இருந்தார்கள், நடுவில் அப்பா இருந்தார். தன் கையால் வைத்த சந்தனம் தன் வண்டியை நிறுத்தியது என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருந்தால் அவர் அந்தப் பேரலைத் திரும்பத் தொட்டிருக்க மாட்டார். நீ பாட்டிலை என்னிடமே கொடுத்து, "உள்ள வெச்சுருங்க" என்றாய். அந்த வருடம் பேரலை வடித்துத் துடைத்து, மூடிக்குப் புது வாசர் போட்டதோடு சரி. அடுத்த பூசைக்கு முன்னால் பழைய இரும்புக் கட்டிலை அறுத்துப் பற்றவைத்து ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டு வந்தாய். "அப்பா, பேரலைப் படுக்க வெச்சுட்டா எண்ணெ புடிக்கறது லேசுங்க. நீங்க குனிஞ்சு பம்ப் அடிக்க வேண்டியதில்ல, இடுப்பு வலிக்காது" என்றாய். அப்பா ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார். "பூசை எங்க போடறது, உருண்டையா இருக்குது?" என்றார். "வயித்துல சந்தனம் வெக்கலாமுங்க. மூடி மேல வெச்சா யாருக்குத் தெரியுது? இங்க வெச்சா வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க" என்றாய். அவர் ஒரு கணம் யோசித்து, "அதுவுஞ் சரிதான்" என்றார். கற்பூரத் தட்டும் தானாகவே டிராக்டரின் முன்பக்கத்துக்குப் போனது, ஏனென்றால் படுத்திருக்கிற பேரல் மேல் தட்டு நிற்காது. நான் வருடக்கணக்காகச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை நீ ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துவிட்டாய்.

அந்த ஐப்பசியில் வண்டி நிற்கவில்லை. "பாத்தியா, பூசணிக்கா பெருசா ஒடச்சது வேலை செய்யுது" என்று அப்பா சொன்னபோது நீயும் நானும் சமையலறைக்குள் ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் இதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ டிப்ளமோ படிக்கப் போன வருடம், மேற்குத் தோட்டத்துக்காரர் தன் வண்டி நின்றுபோனது என்று புலம்பிக்கொண்டு வந்தார். அப்பா அவரிடம், "பேரல் மூடி மேல தண்ணி நிக்க உடாதீங்க. சந்தனம் வெக்கறதுன்னா வயித்துல வையுங்க. எம் பையன் கண்டுபுடிச்சது" என்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கு எப்போது தெரியும், எப்படித் தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஜன்னலில் இருந்த பாட்டிலை ஒருவேளை அவரும் பார்த்திருப்பார். அவருக்கு வழியை அடைக்காமல் ஒரு விஷயத்தை வைத்தால் அவர் தானாகவே வந்து அதை எடுத்துக்கொள்வார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

பிறகு நீ அந்தக் கொட்டாயைக் கட்டினாய். தட்டுப் போரிலிருந்தும் மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்தும் தள்ளி, வேப்பமர நிழலில், காற்றுப் போக மேலே இடைவெளி விட்டு, கதவில் ஒரு பூட்டுப் போட்டாய். குழாய் இருக்கிற பக்கம் கொஞ்சம் தூக்கலாகவும் பின்பக்கம் கொஞ்சம் தாழ்வாகவும் பேரலை வைத்தாய். அழுக்கும் தண்ணீரும் பின்னால் தங்கிவிடும், குழாயில் தெளிந்தது மட்டும் வரும். பங்க்கிலிருந்து எண்ணெய் வந்து ஊற்றினால் ஒரு நாள் தெளியவிட்டுத்தான் குழாயைத் திறப்பாய். வேலை முடிந்து வண்டி வந்ததும், சாயங்காலமே டேங்க்கை நிரப்பச் சொல்வாய். காலியாக விட்டால் இரவில் உள்ளே வேர்க்கும் என்பாய். சுப்பு அண்ணன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்தால்கூட உள்ளே விடமாட்டாய். "பத்த வெக்கலீங்க தம்பி, காதுலதான் இருக்குது" என்பார். "காதையும் வெளிய வெச்சுட்டு வாங்கண்ணா" என்பாய். வாசலில் நீ வைத்த மணல் வாளி ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அதைப் போல் நல்ல செய்தி வேறு இல்லை.

நான் உனக்குத் தவறாகச் சொன்னதும் ஒன்று உண்டு. ஊரடங்குக் காலத்தில் எல்லாம் நின்றுபோய்விடும் என்று பயந்து, இன்னொரு பேரல் நிரப்பி வை என்று உன்னை நச்சரித்தேன். அரிசியை அன்றன்றைக்கு வாங்கிச் சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு, நிரம்பிய பாத்திரம் எதுவாக இருந்தாலும் நிம்மதி. நீ வேண்டாம் என்றாய், பிறகு எனக்காக நிரப்பினாய். அந்தப் பேரல் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. திறந்தபோது எண்ணெய் கறுத்து, அடியில் கருஞ்சளி மாதிரி கட்டியிருந்தது. நீ என்மேல் கோபப்படவில்லை. "டீசலுக்கும் வயசாகுமுங்க சின்னம்மா" என்றாய். போகிற இடத்திலும் இதை நினைவில் வை. பயந்தவர்கள் நிறையச் சேர்த்து வைக்கச் சொல்வார்கள். ஒரு பருவத்துக்கு வேண்டியதை வைத்து, பழையதைத் தீர்த்துவிட்டுப் புதியதைத் திறக்கிறவன்தான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவன். இன்னொன்று. அங்கே உன்கீழ் பல ஆட்கள் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவன் முணுமுணுவென்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவான். அவனைப் பின்தொடர்ந்து போய், என்ன சொன்னாய் என்று கேள். இன்னொரு முறை சொல்லச் சொல். இதை நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, உன்னிடமிருந்து எடுத்து உன்னிடமே திருப்பித் தருகிறேன்.

ரிக் முதலாளி உன்னைப் பார்த்தபோது, "பேரல்ல தண்ணி இருக்குதான்னு எப்படித் தம்பி கண்டுபுடிப்பே?" என்று கேட்டாராம். நீ ரோஸ்மில்க் பாட்டிலைச் சொன்னாயாம். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றதற்கு, "எங்க ஊட்ல கெமிஸ்ட்ரி படிச்சவங்க இருக்காங்க" என்றாயாம். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன்னோடு வந்த சுப்பு அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு, "நியூஸ் படிக்கறவங்க பேரு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுங்க அம்மணி" என்றார். அன்றைக்கு நான் ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். நீ மட்டும் கூடுதலாகத் தண்ணீர் குடித்தாய்.

இனி நான் சொல்வது உனக்குப் புதிது. போன வருடம் நீ சேலத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஞாயிறு மட்டும் வந்துகொண்டிருந்தாயே, அந்த மாதங்களில் கொட்டாயைச் சுப்பு அண்ணன் பார்த்துக்கொண்டார் என்றுதான் நீயும் அப்பாவும் நினைத்தீர்கள். பார்த்துக்கொண்டது நான். சாவி ஆணியில் தொங்கும். அப்பா காவிரிப் பக்கத்து வயலுக்குப் போனதும் எடுப்பேன். வாரம் ஒருமுறை பின்பக்கத்தை வடித்துப் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பேன். டிராக்டரின் ஃபில்டருக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தில் துளி தண்ணீர் தெரிந்தாலும் திறந்து விடுவேன். வாசர் தேய்ந்தபோது நாமக்கல்லுக்குப் போன இடத்தில் நானே வாங்கி வந்து மாற்றினேன். ஒருநாள் சுப்பு அண்ணன் டேங்க் காலியாகும் வரை ஓட்டிவிட்டார். எண்ணெய் ஊற்றியும் வண்டி எடுக்கவில்லை, பைப்பில் காற்றுப் புகுந்து ஏர் பிடித்துக்கொண்டது. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். வரப்பில் நின்று பார்த்தேன், பிறகு இறங்கினேன். நீ செய்யும்போது பார்த்தது அப்படியே கண்ணில் இருந்தது. திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்த அழுத்த, நுரை நுரையாக வந்து, கடைசியில் குமிழி இல்லாமல் எண்ணெய் மட்டும் வந்தது. திருகை இறுக்கிவிட்டு அவரைச் சாவி போடச் சொன்னேன். வண்டி எழுந்துகொண்டது. "இந்தக் கையாலயா அம்மணி பரீச்சை எழுதுனீங்க?" என்றார். "இதே கைதான் அண்ணா" என்றேன். சாயங்காலம் டேங்க் காலியானதைக் கேள்விப்பட்டு அப்பா, யார் ஏர் எடுத்தது என்று கேட்டார். சுப்பு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். "வண்டி தானா எந்திரிச்சுக்கிச்சுங்க" என்றார் அவர். அப்பா நம்பவில்லை. ஆனால் வேறு எதை நம்புவது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

ஆக, எண்ணெயைப் பார்க்க ஆளில்லாத வீடு என்று அவர் சொன்னது சரியில்லை, சாமி. ஆள் இருக்கிறாள். சொல்லத் தெரியாதவளாக இருக்கிறாள், அவ்வளவுதான். பரமத்திக்காரர் வந்து போன பிறகு அப்பா நீண்ட நேரம் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை இல்லை. அவருக்கு விற்க ஆசையில்லை. நீ இல்லாமல் வண்டி திரும்பவும் நடுக்காட்டில் நின்று, திரும்பவும் வாசலில் நிற்கிறவர்களுக்குப் பதில் இல்லாமல் போகுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை என்னால் தீர்க்க முடியும். எனக்கும் அது தேவைப்படுகிறது. நான் படித்தது இந்த ஊரில் எங்காவது ஒட்டிக்கொண்டது என்றால் அது அந்தக் கொட்டாயில்தான். இதை நான் தனியாகப் போய் அவரிடம் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் அவர், "உனக்கெதுக்கு புள்ள இந்தக் கஷ்டம்?" என்று அன்பாகவே முடித்துவிடுவார். அன்பாக முடித்துவிட்டதை மறுபடி திறப்பது எனக்கு இன்னும் கஷ்டம்.

அதனால் கேட்கிறேன். பூசையில் ஒவ்வொரு வருடமும் டிராக்டர்ச் சாவியையும் கொட்டாய்ச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தட்டில் வைப்போம். கற்பூரம் காட்டிய பிறகு அப்பா அதை எடுத்து உன்னிடம் நீட்டுவார். இந்த வருடமும் நீட்டுவார். சுப்பு அண்ணன் இருப்பார், வயலுக்காரர்கள் இருப்பார்கள், பரமத்திக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறார். நீ சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள். பிறகு அதை ஆணியில் மாட்டாதே, அப்பாவிடமும் திருப்பித் தராதே. எல்லாரும் பார்க்கும்படி என் கையில் கொடு. நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தால் அங்கிருந்தே கூப்பிடாமல் நீயே நடந்து வா. நான் பிடித்துக்கொள்ளும் வரை விட்டுவிடாதே. பேரலைப் படுக்க வைக்க அன்றைக்கு அப்பாவின் இடுப்பு வலியைச் சொன்ன மாதிரி இதற்கும் ஒரு காரணம் நீ யோசிக்க வேண்டியதில்லை. "சின்னம்மா பாத்துக்குவாங்க" என்று மட்டும் சொல். அப்பா என்னைப் பார்ப்பார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன். அவர் காதில் விழவில்லை என்றால், இன்னொரு முறை சொல்கிறேன்.

உன் சின்னம்மா